அவதானமும் நடிப்பும்: ரிவர்ஸ்டன் மலைச்சாரலிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

நடிப்புப் பயில வருவோர்க்கு முதலிற் கூறப்படும் அறிவுரைகளுள் ஒன்று, மனிதரை அவதானியுங்கள் என்பதாகும். சந்தையிலே, பேருந்து நிலையத்திலே, மரண வீட்டிலே மனிதர் எவ்வாறு நிற்கின்றனர், எவ்வாறு பேசுகின்றனர், எவ்வாறு மௌனம் சாதிக்கின்றனர் என்பனவற்றைக் கூர்ந்து நோக்கி, நோக்கியவற்றை உடலிலும் குரலிலும் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று நாடகப் பட்டறைகள் யாவும் கற்பிக்கின்றன. இவ்வறிவுரையிற் பிழையில்லை. ஆயின் எங்கு நின்று அவதானிப்பது என்னும் வினா அங்கு பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. பார்ப்பவனுக்கும் பார்க்கப்படுபவனுக்கும் இடையில் முன்னரே ஓர் உறவு இருக்கின்றது. அது உழைப்பின் அடிப்படையிலும் உடைமையின் அடிப்படையிலும் அமைந்த உறவு. அவ்வுறவை மறந்து அவதானத்தை வெறுங் கண்ணின் பயிற்சியாகக் கொள்ளும்பொழுது, நடிப்பு நகலாகவும் நகல் கேலியாகவும் இழிந்து விடுவதை நமது அரங்க வரலாற்றிற் பலமுறை காணலாம்.

இச்சிந்தனை எனக்கு நூலகத்திலே தோன்றியதன்று. மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக இலுக்கும்புர நோக்கி ஏறும் பாதையிலே, நக்கிள்ஸ் மலைத்தொடரின் ஒரு முகட்டில், ஏறத்தாழ 1,400 மீற்றர் உயரத்தில் அமைந்தது ரிவர்ஸ்டன். மூடுபனியும் ஓயாத காற்றும் அதற்குப் பெயர் தந்துள்ளன. 2000இல் இத்தொடர் பாதுகாக்கப்பட்ட வனமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. 2010இல் மத்திய மலைநாட்டின் ஏனைய பகுதிகளுடன் சேர்த்து யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. இன்று ரிவர்ஸ்டன் பார்ப்பதற்கென்றே மனிதர் வரும் இடம். ஆயின் அங்கு ஏறும் பாதையின் இருமருங்கும் தேயிலை மலைகளும், ஏலம் பயிரிடப்பட்ட காடுகளும், வெள்ளையர் காலத்து லயங்களும் உள்ளன. வாகனங்களிலே வருவோர் இறங்கி, கொழுந்து பறிக்கும் பெண்களைப் படம் பிடித்துக்கொண்டு மேலேறிச் செல்கின்றனர். சில ஆண்டுகளுக்கு முன் நாடகம் பயிலும் மாணவர் சிலரோடு அப்பகுதியில் இரு நாட்கள் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அவதானப் பயிற்சியே எமது நோக்கம். அங்கு நிகழ்ந்த ஒன்றைப் பின்னர் கூறுவேன். அதற்கு முன், நடிகனின் அவதானம் என்பதற்கு உள்ள வரலாற்றினைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

நவீன அரங்கில் இதன் புகழ்பெற்ற நிகழ்ச்சி 1902ஆம் ஆண்டு மொஸ்கோவில் இடம்பெற்றது. மக்சிம் கோர்க்கியின் 'அடியாழத்தில்' என்னும் நாடகத்தை மேடையேற்ற முனைந்த மொஸ்கோ கலை அரங்கினர், அந்நாடகம் சித்திரிக்கும் மனிதரை நேரிற் காணும் பொருட்டு ஹீத்ரொவ் சந்தை எனப்பட்ட சேரிப் பகுதிக்குச் சென்றனர். அச்சேரியை நன்கறிந்த எழுத்தாளர் கில்யரோவ்ஸ்கி வழிகாட்டியாகச் சென்றார். ஸ்தனிஸ்லாவ்ஸ்கி தமது தன்வரலாற்றில் இப்பயணத்தை விரிவாகக் கூறுகின்றார். அதிலே நம் கவனத்துக்குரிய செய்தி ஒன்றுண்டு. நாடகப் பிரதிகளைப் படியெடுத்துக் கொடுத்து வயிறு வளர்த்தவர்கள் அச்சேரியில் வாழ்ந்தனர். அதாவது, நடிகர்கள் எம்மனிதரைப் 'பார்க்க'ச் சென்றனரோ, அம்மனிதருட் சிலரின் கூலியுழைப்பு ஏலவே அரங்கத் தொழிலினுள் இருந்தது. பார்ப்பதற்கு முன்பே உறவு இருந்தது. அது கண்ணுக்குப் புலப்படவில்லை, அவ்வளவே.

அதே ஆண்டில் தோல்ஸ்தோயின் 'இருளின் ஆட்சி' நாடகத்துக்காக அக்குழுவினர் தூலா மாகாணக் கிராமங்களுக்குச் சென்றனர். உடைகளையும் பாண்டங்களையும் கொண்டுவந்ததோடு அமையாது, ஆலோசனை கூறுவதற்கென ஒரு முதிய குடியானவப் பெண்ணையும் உடன் அழைத்து வந்தனர். ஒத்திகை ஒன்றில் அவள் ஒரு பாத்திரத்தை ஏற்று நடித்தபொழுது, பயின்ற நடிகர் அனைவரும் போலிகளாகத் தோன்றினர். தோல்ஸ்தோயின் வசனத்தை விடுத்துத் தன் சொந்த மொழியில் அவள் வைதாள். தணிக்கை அதிகாரி அதனை அனுமதித்திருக்க மாட்டான். பாத்திரத்திலிருந்து அவளை விலக்கிக் கூட்டத்தில் ஒருத்தியாக நிறுத்தினர். அங்கும் அவள் ஏனையோரை மங்கச் செய்தாள். ஈற்றில் அவளது பாடலை மட்டும் ஒலித்தட்டிற் பதிவுசெய்து பயன்படுத்தினர். மேடையில் உண்மை இருந்தமையால் மேடை குலைந்தது! இயற்பண்புவாதத்தின் முரண்பாட்டை இதனினும் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி வேறொன்றை நான் அறியேன். குடியானவரின் சட்டியும் செருப்பும் மேடைக்கு வந்தன. குடியானவப் பெண் வரமுடியவில்லை. ஸ்தனிஸ்லாவ்ஸ்கி நேர்மையான கலைஞர். அத்தயாரிப்பில் புற விவரங்கள் மிகுந்து அகத்தின் இருள் வெளிப்படாது போயிற்று என்பதை அவரே ஒப்புக்கொண்டார்.

முந்திய பொருள்முதல்வாதம் யதார்த்தத்தைப் பார்வைக்குரிய பொருளாக மட்டுமே கண்டது, மனிதச் செயற்பாடாகக் காணவில்லை என்று 1845இல் மார்க்ஸ் எழுதினார். ஃபாயர்பாக்கை நோக்கிக் கூறப்பட்ட இக்குறை நாடகப் பட்டறைகளுக்கும் பொருந்துமெனலாம்.

தமிழ் மரபு இதுபற்றி யாது கூறுகின்றது? தொல்காப்பிய மெய்ப்பாட்டியலை ஒன்பான் சுவையோடு ஒப்பிட்டு வடமொழிக்கு முன்னோ பின்னோ என வாதிட்டதிலேயே நம் அறிஞர் பலரின் ஆற்றல் செலவாயிற்று. அவ்வியலின் உள்ளடக்கம் அதனினும் முக்கியமானது. அங்கு ஒவ்வொரு மெய்ப்பாட்டுக்கும் நிலைக்களன் நான்கு கூறப்படுகின்றன. அழுகைக்குரிய நான்கினுள் வறுமை ஒன்று. வெகுளிக்குரியவற்றுள் குடிகோள் ஒன்று. குடிமக்களை நலிவித்தல் என இதற்கு உரை காண்பர். முகத்தசையின் அசைவிலிருந்தன்றி, வாழ்க்கைநிலையின் காரணத்திலிருந்து உணர்ச்சியை விளக்கும் முறை இது. அவ்வியலின் இறுதி நூற்பா, கண்ணாலும் செவியாலும் திட்பமாக உணரும் ஆற்றலுடையார்க்கன்றி மெய்ப்பாட்டின் பொருள் புலப்படாது என்ற கருத்தினதாய் அமைந்துள்ளது. அவதானம் என்பதற்கு இதனினும் சிறந்த இலக்கணம் தேடவேண்டியதில்லை. காரணமும் புலனும் ஒருங்கே கூறப்பட்டுள்ளன. பரதரின் நாட்டிய சாத்திரமும் உலகத்தையே நாடகத்துக்குப் பிரமாணமாகக் கொள்வதை இங்கு நினைவுகூரலாம்.

எனினும் நவீன காலத்தில் தமிழில் நடிப்பு ஒரு கல்வியாக உருப்பெற்றபொழுது அதனை உருவாக்கியோர் கற்ற மத்தியதர வகுப்பினர். 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையை நிறுவிய பம்மல் சம்பந்த முதலியார் வழக்கறிஞராகவும் பின்னர் நீதிபதியாகவும் விளங்கியவர். 'நடிப்புக் கலையில் தேர்ச்சி பெறுவது எப்படி?' என அவர் ஒரு நூலே எழுதினார். இங்கு அவரைக் குருவாகக் கொண்ட கலையரசு சொர்ணலிங்கம் அம்மரபை ஈழத்தில் வளர்த்தார். கூத்தாடி என இகழப்பட்ட தொழிலுக்குக் கௌரவம் தேடித் தந்தமை இவர்களது சாதனை. ஆயின் அக்கௌரவத்துக்கு ஒரு விலையும் இருந்தது: மேடையில் அரசரும் பிரபுக்களும் நிறைந்தனர், அடிநிலை மக்கள் வேலைக்காரனாகவும் விதூடகனாகவும் வந்துபோயினர்.

இதிலிருந்து விலகிய பாதை பேராசிரியர் க. கணபதிப்பிள்ளையுடையது. மொழியியல் அறிஞராகிய அவர், யாழ்ப்பாணத்து மக்கள் உண்மையிற் பேசும் தமிழிலே நாடகங்களை எழுதினார். 'நானாடகம்' 1940இல் வெளிவந்தது. பல்கலைக்கழகக் கல்லூரி மாணவரே அவற்றில் நடித்தனர். செந்தமிழில் முழங்கிய மேடையிலே உடையாரும் குடியானவரும் தத்தம் குரலிற் பேசத் தொடங்கினர். இங்கு அவதானம் காதின் வழியாக நிகழ்ந்தது. தம் ஊரவரைத் தாமே கேட்ட காது அது. அவரின் வழிவந்த பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிற் பேராதனையில் 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலிவதை' முதலியவற்றை மேடையேற்றியபொழுது, மட்டக்களப்பு அண்ணாவியாரிடம் மாணவர் ஆட்டமும் பாட்டும் பயின்றனர். நாட்டார் கலைஞன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியனாக நின்றமை நம் பண்பாட்டு வரலாற்றில் ஒரு திருப்பம்.

ஆயினும் ஒன்றைக் கூறாது விடமுடியாது. பேராதனையிலிருந்து மாத்தளை ஏறத்தாழ 30 கிலோமீற்றர். பல்கலைக்கழகத்தைச் சூழவுள்ள குன்றுகள் யாவும் தோட்டங்கள். அத்தோட்டங்களில் ஆண்டுதோறும் மாசியிற் காமன் கூத்து ஆடப்பட்டு வந்தது. கூத்தைத் தேடி மட்டக்களப்புக்கும் மன்னாருக்கும் சென்ற நமது கண்கள், சாளரத்துக்கு வெளியே தெரிந்த மலைச்சரிவைப் பெரிதும் காணவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மக்களின் கலை, 'ஈழத்துக் கூத்து' என்ற வகுப்பினுள் எளிதில் அடங்கவில்லை போலும். பின்னர் மலையகத்தைச் சேர்ந்தோரே அக்குறையை நீக்கினர். மாத்தளை வடிவேலனின் பணி இவ்வகையில் விதந்து கூறத்தக்கது.

தோட்டத்திலே அவதானம் என்பது யாது? அங்கு பார்வைக்கே ஓர் ஆட்சிமுறை இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே தம்புள்ளையூடாக நடந்து, வழியில் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பலரைப் பறிகொடுத்து மாத்தளையை அடைந்த மக்கள், அங்கிருந்தே மலைத் தோட்டங்களுக்குப் பிரிக்கப்பட்டனர். துரையின் பங்களா மேட்டிலும் லயங்கள் பள்ளத்திலும் அமைந்தன. மேலேயிருந்து யாவும் தெரியும்; கீழிருந்து பங்களாவின் கூரை தெரியும். வெளியார் தோட்டத்தினுள் நுழைவதை அத்துமீறற் சட்டங்கள் தடுத்தன. தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசையர், தொழிலாளர் நிலையை நேரில் அறியும் பொருட்டுப் புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குட் புகுந்தார் என்பதை அவரது வரலாற்றை எழுதிய சாரல்நாடன் முதலியோர் பதிவுசெய்துள்ளனர். நடிப்பதற்காக அவதானித்தோரையே இதுவரை கண்டோம்; இவரோ அவதானிப்பதற்காக நடித்தவர். புடவை மூட்டையை அவிழ்த்து விலை பேசியவாறே அவர் கண்டவை பின்னர் பத்திரிகையாயின, தொழிற்சங்கமாயின, அவரும் அவர் மனைவி மீனாட்சியம்மையும் தோட்டந்தோறும் பாடிய பாடல்களாயின. தொழிலாளர் வாழ்வைப் பற்றி அவர் நாடகமும் எழுதினார். மலையக அரங்கின் வரலாற்றை எழுதுவோர் அந்தப் புடவை வியாபாரியிலிருந்து தொடங்குதல் தகும் என்பது என் கருத்து.

ஆனால் வேடமிட்டு வந்த ஒருவரே தோட்டத்தின் முதல் அவதானி என்று கொள்வதும் பிழை. நாள்தோறும் அவதானித்தோர் தொழிலாளரே. விடியலிற் பிரட்டுக்களத்தில் நிற்கும் பெண், கங்காணியின் குரலின் முதல் அசையிலேயே அன்றைய நாள் எத்தகையது என்பதை அறிந்தாக வேண்டும். கொழுந்து நிறுக்கும் இடத்திலே தராசைப் பார்ப்பதோடு நிறுப்பவனின் முகத்தையும் பார்த்தாக வேண்டும். முழுப்பேரா அரைப்பேரா என்பது அங்கேதான் தீர்மானமாகின்றது. துரையின் நடை, கணக்கப்பிள்ளையின் இருமல், கண்டக்டரின் தொப்பி சாய்ந்திருக்கும் கோணம் யாவும் அவர்களுக்கு எழுத்துக்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று கூறப்பட்ட மக்கள் அதிகாரத்தின் உடலை எழுத்தெண்ணி வாசித்தனர். வயிற்றுப்பாட்டின் தேவையிலிருந்து பிறந்த அவதானம் அது. ஹீத்ரொவ் சந்தைக்குச் சென்ற நடிகனுக்குத் தவறாகப் பார்த்தால் ஒரு காட்சியே கெடும். பிரட்டுக்களத்து மனிதருக்கு அன்றைய சோறு கெடும்.

இவ்வாறு சேர்ந்த அவதானம் கலையாக வெளிப்படும் வாயில்களுள் காமன் கூத்து தலையாயது. மாசி அமாவாசையை அடுத்துக் கம்பம் ஊன்றப்படுகின்றது. ரதி மன்மதன் திருமணமும் சிவனின் தவத்தைக் கலைக்க மன்மதன் செல்வதும் நாட்கணக்காகத் தொடர்ந்து, பௌர்ணமியை ஒட்டிக் காமதகனத்தில் முடிகின்றன. தப்பின் ஒலி லயத்துக்கு லயம் செல்கின்றது. புராணக் கதை, நேர்த்திக்கடன், கட்டிறுக்கமான ஆட்டம் ஆகியவற்றைக் கொண்ட இக்கூத்திலே அன்றாட வாழ்வின் அவதானத்துக்கு இடமேது என வினவலாம். மோடியுற்ற அரங்கு வேறு, யதார்த்த அரங்கு வேறு என்று பாடநூல் வகுத்த கோட்டை நம்புவோர் அவ்வாறுதான் வினவுவர். ரதியின் புலம்பலை ஒருமுறை கேட்டவர் வினவார். கணவனை இழந்த ரதியாக நின்று அழுபவன் ஓர் ஆண். அவனது அழுகையின் மெட்டும் மூச்சு நிறுத்தமும் மார்பிலறையும் கையின் வீச்சும் லயத்து மரண வீட்டின் ஒப்பாரிக்குரியவை. அவற்றை அவன் தன் தாயிடமும் அத்தையிடமும் கேட்டுக் கற்றவன். புராணம் சட்டகம் மாத்திரமே. அதனுள் அழுவது தோட்டத்துக் கைம்பெண். இரத்தோட்டைப் பகுதியில் நான் கண்ட ஆற்றுகையொன்றில், இடைக்காட்சியிலே வந்த கோமாளி ஒரு சொல்லும் பேசாது களத்தைச் சுற்றி நடந்தான். கைத்தடி ஒன்று, சற்றுப் பின்வளைந்த முதுகு, எவரையும் பாராமல் எல்லாரையும் பார்க்கும் கண். நான்காம் அடியிலேயே கூட்டம் வெடித்துச் சிரித்தது. எனக்கு அருகில் நின்ற சிறுவனிடம் காரணம் கேட்டேன். “எங்க பெரிய கங்காணி தாத்தா காலத்து நடை” என்றான். அக்கங்காணியை அச்சிறுவன் கண்டிருக்க முடியாது. அவதானம் தலைமுறை கடந்து உடலிலே சேமிக்கப்பட்டிருந்தது.

நகரத்து மேடையும் வானொலியும் இத்தகைய அவதானத்தை வேறொரு திசையிற் செலுத்தின. 1970களில் இலங்கை வானொலியில் ஒலித்த கோமாளிகள் நாடகத் தொடரும் 1976இல் வெளிவந்த 'கோமாளிகள்' திரைப்படமும் மக்களால் பெரிதும் விரும்பப்பட்டன. மரிக்கார், உபாலி, அப்புக்குட்டி ஆகிய பாத்திரப் பெயர்கள் அவற்றை ஏற்ற நடிகரின் பெயரோடே ஒட்டிக்கொண்டன. பேச்சு வழக்கைப் பிடிப்பதில் அவர்களது காது மிகக் கூரியது. அதனை மறுப்பவர் கலையறியாதவர். எனினும் மனிதர் அங்கு அவர்தம் தொழிலாலன்றி இனத்தாலும் பிரதேசத்தாலுமே அடையாளங் காணப்பட்டனர். பேச்சு எவ்வாறு ஒலிக்கின்றது என்பது கேட்கப்பட்டது. ஏன் அவ்வாறு பேச நேர்ந்தது என்பது கேட்கப்படவில்லை.

இந்த 'ஏன்' என்பதை அவதானத்தின் மையத்தில் வைத்தவர் பேர்தோல்ட் பிரெக்ட். 1930களில் நாசிகளிடமிருந்து தப்பி டென்மார்க்கில் வாழ்ந்த காலத்தில், அந்நாட்டுத் தொழிலாளி நடிகரை விளித்து அவதானக் கலை பற்றி ஒரு நெடுங்கவிதையை அவர் எழுதினார். மேடையில் தோன்றும் நடிகன் பிறருக்குக் காட்சியாவதினும் முன்னர் தான் கண்டறிந்தவனாய் இருத்தல் வேண்டும் என்பதும், அவன் பள்ளிக்கூடம் வேலைத்தலமும் தெருவும் என்பதும் அதன் சாரம். 1938இல் அவர் எழுதிய 'தெருக்காட்சி' என்னும் கட்டுரை மேலும் எளிய உதாரணத்தைத் தருகின்றது. வீதி விபத்தொன்றைக் கண்ட ஒருவன், கூடியிருப்போருக்கு அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதை நடித்துக் காட்டுகின்றான். சாரதியாக அவன் மாறிவிட வேண்டியதில்லை. யார்மீது தவறு என்பதைக் கேட்போர் தீர்மானிக்கப் போதுமான அளவு காட்டினாற் போதும். இக்கோட்பாட்டின் முழு அழகியலையும் விளக்குவது இங்கு நோக்கமன்று. பிரெக்ட் தேர்ந்துகொண்ட மாணவர் யார் என்பதே நமக்கு முக்கியம். ஸ்தனிஸ்லாவ்ஸ்கியின் நடிகர் சேரிக்குச் சென்றனர். பிரெக்ட் பேசியது வேலைத்தலத்திலிருந்து மாலையில் ஒத்திகைக்கு வந்த மனிதரிடம். வங்கத்தில் 1943ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்பின் இந்திய மக்கள் நாடக மன்றம் 1944இல் மேடையேற்றிய பிஜோன் பட்டாச்சார்யாவின் 'நவான்ன' நாடகத்திலும் இத்தகைய மாற்றம் ஒன்று நிகழ்ந்தது. அங்கு நடிகர் எவரையும் தேடிச் செல்லவேண்டி இருக்கவில்லை. கஞ்சித் தண்ணீர் கேட்டு வந்தவர்களின் குரல் கல்கத்தாவின் வீட்டு வாசல்தோறும் ஒலித்துக் கொண்டிருந்தது.

இனி ரிவர்ஸ்டனுக்கு வருகின்றேன். முதல் நாட்காலை, பாதையை ஒட்டிய தேயிலை மலையொன்றில் பெண்கள் நிரை பிடித்துக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தனர். மாணவர் கீழிறங்கிச் சென்று, குறிப்பேடும் கைத்தொலைபேசியுமாக அவர்களை அவதானித்தனர். விரல்கள் எத்தனை இலைகளைக் கிள்ளுகின்றன, கை எவ்வாறு தோளுக்கு மேலாகப் பின்னே செல்கின்றது என்றெல்லாம் எழுதிக்கொண்டனர். அன்று மாலை லயத்து வாசலில், எமக்குத் தேநீர் தந்தோர் முன்னிலையில், ஒரு மாணவன் தான் கற்றதை நடித்துக் காட்டினான். திறமையான மாணவன், கைகளின் வேகம் வியப்பூட்டியது. பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தனர்.

இஸ்தோப்பில் அமர்ந்திருந்த முதிய பெண்ணொருத்தி, ஓய்வுபெற்றவர், எழுந்து வந்தார். “கை சரிதான் தம்பி. கால் எங்க?” என்றார். அவன் விழித்தான். “நீங்க வாசல்ல நிக்கிறீங்க. நாங்க மலையில நிக்கிறோம். கொழுந்து காலாலதான் எடுக்கிறது.” பின்னர் செய்து காட்டினார். மேற்பக்கத்துக் கால் மடங்கி, கீழ்ப்பக்கத்துக் கால் விரல்களால் மண்ணைப் பற்றி, இடுப்பு ஒருபுறம் சரிய, முதுகில் இல்லாத சுமையின் பாரம் முழுவதும் ஒரு முழங்காலில் இறங்கியது. கைகள் ஏறக்குறைய அசையவேயில்லை. சமதரையான அவ்வாசல் எம் கண்முன்னே சரிவாக மாறியது. அந்த முழங்காலைப் பற்றி எங்கள் குறிப்பேடுகளில் ஒரு வரியும் இருக்கவில்லை.

கூட்டம் உற்சாகங்கொண்டு இன்னும் செய்யுமாறு கேட்டது. அவர் மாணவரை ஒவ்வொருவராக நடித்துக் காட்டினார்: அட்டைக்கு அஞ்சித் தாவித் தாவி நடந்தவளை, எழுதுவதா பார்ப்பதா என்று தெரியாமற் தலையை மேலும் கீழும் ஆட்டியவனை. அவர்கள் எங்களைக் காலை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஈற்றில் அவர் வாசலின் ஓரத்திலிருந்த படியில் ஏறி நின்றார். கைகள் இரண்டையும் பின்புறம் கோத்து, கால்களைச் சிறிது அகற்றி, தாடையை உயர்த்தி, கீழேயுள்ள மலையில் யார் யார் என்ன செய்கின்றனர் என்று பார்ப்பவர்போல மெல்லத் திரும்பினார். எல்லோரும் சிரித்தனர். துரையைக் காட்டுகின்றார் என்று எண்ணி நானும் சிரித்தேன், அருகில் நின்ற சிறுமியிடம், “இது எந்தத் துரை?” என்று கேட்டேன்.

அவள் சற்றுத் தயங்கினாள். பின்னர், “காலையில நீங்க மேல் ரோட்டுல நின்னது, சேர்” என்றாள்.